யாத்திரிகரின் ஜாதகம் யாருடைய சொத்து?

சனிக்கிழமை காலையில் திருநள்ளாற்றில் வந்திறங்கும் யாத்திரிகர், நள தீர்த்தத்தில் ஸ்நானம் செய்து, ஸ்ரீ தர்ப்பாரண்யேசுவரரையும் சனீசுவர பகவானையும் தரிசித்துவிட்டு மாலைப் பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். அதற்குள் அவர் எத்தனை பேரிடம் தமது அந்தரங்கத்தை ஒப்படைத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கிறாரோ? தங்கும் விடுதியில் பெயர், விலாசம், கைபேசி எண், ஆதார் அட்டையின் நகல். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், ராசி. பரிகார ஹோமத்துக்கு ஏற்பாடு செய்பவரிடம் குடும்பத்தார் அனைவருடைய நட்சத்திரமும். ஜோசியரிடம் பிறந்த தேதி, நேரம், ஊர். தபாலில் பிரசாதம் அனுப்புவதாகச் சொல்பவரிடம் மறுபடியும் விலாசமும் கைபேசி எண்ணும். கேட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு காரணத்தோடுதான் கேட்டார்கள். இவரும் மனமுவந்தே கொடுத்தார். கொடுத்த பிறகு அந்தக் குறிப்புகள் எங்கே போகின்றன, யார் கையில் தங்குகின்றன, எத்தனை காலம் தங்குகின்றன என்று கேட்பவர் அரிது. தாமாகச் சொல்பவர் அதனினும் அரிது. அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

மற்ற ஊர்களில் கடைக்காரன் வாங்கி வைத்துக்கொள்ளும் விவரம் வேறு. இந்த ஸ்தலத்தில் வாங்கும் விவரம் வேறு. சனி ஒரு ராசியில் ஏறக்குறைய இரண்டரை வருஷம் தங்குகிறார். ஜன்ம ராசிக்கு முந்தியது, ஜன்ம ராசி, பிந்தியது ஆகிய மூன்றும் சேர்ந்து ஏழரை வருஷம். ஆகையால், ஒருவருடைய ராசியும் கைபேசி எண்ணும் தெரிந்தவனுக்கு, அந்த மனிதர் இன்று அஞ்சிக்கொண்டிருக்கிறாரா என்பது மட்டுமல்ல, இனி எந்த வருஷத்தில் அஞ்சப் போகிறார் என்பதும் பஞ்சாங்கத்தைப் புரட்டிய மாத்திரத்தில் விளங்கிவிடும். ஜோதிடத்தில் நம்பிக்கையுள்ளவர்களும் இல்லாதவர்களும் இதை ஒருங்கே ஒப்புக்கொள்வார்கள். சனி என்ன செய்வார் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். அஞ்சியவருடைய எண்ணைக் கையில் வைத்திருக்கும் வஞ்சகன் என்ன செய்வான் என்பதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. மேலும், இங்கே வருகிறவர்களில் பலர் உல்லாசப் பிரயாணம் வந்தவர்களல்லர். கோர்ட்டில் வழக்குள்ளவர், தொழிலில் நஷ்டமடைந்தவர், மகளுக்கு வரன் அமையாதவர், தீராத வியாதியால் வருந்துகிறவர் ஆகிய பலரும் வருகிறார்கள். உடன்பிறந்தாரிடம் சொல்லாத கடனை ஜோசியரிடம் சொல்லுகிறார்கள். அப்படிப்பட்ட மனிதரின் பெயர்ப் பட்டியல் விலைக்குப் போனால், அது துயரப்படுகிறவர்களின் ஜாபிதா விலைக்குப் போனதாகும்.

இது வெறுங் கற்பனையன்று. திருநள்ளாறு கோயிலின் பெயரைக்கொண்டு போலி இணையதளம் நடத்திப் பக்தர்களிடம் பணம் பெற்றதாகக் காரைக்கால் போலீசார் 2025ஆம் வருஷத்தில் வழக்குத் தொடுத்ததைப் பத்திரிகை படிக்கும் நேயர்கள் அறிவார்கள். குற்றவாளி யார் என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். அதைப் பற்றி நாம் பேச வரவில்லை. இப்படிப்பட்ட போலித் தளங்களில் பணம் போவது ஒரு முறைதான். புகார் செய்தால் ஒருவேளை அது திரும்பவும் கூடும். பூஜைக்கென்று எழுதிக்கொடுத்த பெயரும் நட்சத்திரமும் எண்ணும் திரும்பி வருமோ? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உண்மையான ஏற்பாட்டுக்காரரும் தம்மைப் பற்றி ஒன்றும் எழுதி வைப்பதில்லை. போலியும் எழுதி வைப்பதில்லை. இருவருக்கும் வித்தியாசம் காணத் தூர தேசத்திலுள்ள பக்தருக்கு என்ன வழி இருக்கிறது? யோக்கியமான வியாபாரி வாய் திறவாமலிருப்பது அயோக்கியனுக்குப் பெரிய உபகாரமாக முடிகிறது.

இணையதளம் வைத்துள்ள பெரிய கம்பெனிகள் ‘பிரைவஸி பாலிஸி’ என்று ஒன்றைத் தொங்கவிடுகின்றன. தமிழில் இப்போது அதைத் ‘தனியுரிமைக் கொள்கை’ என்கிறார்கள். கொள்கை என்பது அரசியல் கட்சிக்கு இருக்கட்டும்; வியாபாரிக்கு வேண்டியது வாக்கு. அந்தப் பத்திரத்தை வக்கீல் கண்கொண்டு வாசித்தால் அதன் மர்மம் புலப்படும். அது வாடிக்கைக்காரருக்காக எழுதியதன்று. நாளை வழக்கு வந்தால் கம்பெனி தப்பித்துக்கொள்ள எழுதியது. ‘எங்கள் சகாக்களுடனும் துணை ஸ்தாபனங்களுடனும் பகிர்ந்துகொள்ளலாம்’ என்ற ஒரு ஷரத்துக்குள் உலகத்தையே அடக்கிவிடலாம். சிறு வியாபாரிகளில் சிலர் அதே பத்திரத்தை அப்படியே நகலெடுத்துத் தங்கள் தளத்திலும் ஒட்டிவைக்கிறார்கள். கலிபோர்னியாக் கோர்ட்டுகளுக்குக் கட்டுப்பட்டதாகப் பிரகடனம் செய்யும் ஊறுகாய்க் கடை நம் நாட்டில் தோன்றினால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வாடிக்கைக்காரரின் ரகசியத்தைக் காப்பது மேல்நாட்டார் வந்து நமக்குக் கற்பித்த தர்மமன்று. அடகு பிடிப்பவர் எவருடைய நகை தம் பெட்டியில் இருக்கிறது என்று தெருவில் சொன்னால் மறுநாள் அவர் கடை வாசலை மிதிப்பார் இல்லை. நாட்டு வைத்தியர் ஒரு நோயாளியின் வியாதியை இன்னொருவரிடம் பேசமாட்டார். மண்டிக்காரர் பேரேட்டை மூடி வைத்துக்கொண்டுதான் அடுத்தவரோடு பேசுவார். இவையெல்லாம் எழுதாத சட்டங்கள். எழுதாமலே நின்றன, ஏனெனில் ஏட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஓட முடியாது. இன்று பதினாயிரம் பெயர்கள் அடங்கிய ஏட்டை ஒரு விரலசைவில் கடல் கடத்திவிடலாம். ஆகவே எழுதாமல் நின்ற வாக்கை இப்போது எழுதி வைக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது.

இங்கிலீஷ் சட்டத்திலும் இதற்குப் பழைய வழக்கு ஒன்றுண்டு. டூர்னியர் என்பவர் பாங்கிக்குச் சொற்பக் கடன் பாக்கி வைத்திருந்தார். பாங்கி மானேஜர் அவருடைய விலாசத்தை விசாரிப்பதாக அவர் வேலை செய்த கம்பெனிக்கு டெலிபோன் செய்து, பேச்சுவாக்கில் கடனையும், பந்தயக்காரருக்குப் பணம் போவதாகத் தாம் ஊகித்ததையும் சொல்லிவிட்டார். டூர்னியருக்கு உத்தியோகம் போயிற்று. 1923இல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட்டார், வாடிக்கைக்காரரின் விஷயத்தை ரகசியமாகக் காப்பது பாங்கியின் ஒப்பந்தத்திலேயே அடங்கிய கடமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். யாரும் எழுதிக் கையெழுத்திடாத ஷரத்து அது. ஆயினும் ஷரத்துத்தான் என்றார்கள். எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் ஒரு டெலிபோன் பேச்சு ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தது. இன்று வாட்ஸ்அப் குழுவொன்றில் ஒரு பட்டியலைப் போட்டால் எத்தனை பேர் பிழைப்பு கெடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

காரைக்கால் பிரதேசத்தார்க்கு மற்றொரு ராஜ்யத்தின் அனுபவமும் பாடமாக அமையும். 1954 நவம்பர் 1ந் தேதி வரை இந்தப் பிரதேசம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்தது. இன்றும் பிரெஞ்சுப் பிரஜைகளாயுள்ள குடும்பங்கள் இங்கே உண்டு. அந்தப் பிரான்ஸில், பிரஜைகளைப் பற்றிய சர்க்கார் தஸ்தாவேஜுகளையெல்லாம் ஒரே எண்ணைக்கொண்டு பிணைக்கும் திட்டமொன்றை 1974இல் ‘லெ மோந்து’ பத்திரிகை அம்பலப்படுத்திற்று. எழுந்த கண்டனத்தின் விளைவாக 1978 ஜனவரியில் தகவல் காப்புச் சட்டமும் அதை நடத்தத் தனிக் கமிஷனும் ஏற்பட்டன. அந்தக் கமிஷன்தான் 2019 ஜனவரியில் கூகிள் கம்பெனிக்கு 5 கோடி யூரோ அபராதம் விதித்தது. குற்றம் என்ன? தகவலைத் திருடியதா? அன்று. தகவலை என்ன செய்கிறோம் என்பதைப் பல பத்திரங்களில் சிதறவிட்டு, சில விஷயங்களை ஐந்தாறு இடம் அழுத்தித் தேடினாலன்றிக் காண முடியாதபடி வைத்ததும், அப்படி அரைகுறையாக அறிவித்துப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று கொண்டதுமே குற்றம். சொன்னது பொய் என்பதற்காக அன்று, விளங்கச் சொல்லவில்லை என்பதற்காக அபராதம்! நமது வியாபாரிகள் இதை ஊன்றி வாசிக்க வேண்டும்.

நம் தேசத்திலும் சட்டம் பிறந்திருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியமான பிரிவுகளுக்குப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே மாதம். என்ன விவரம் வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்று இனம் பிரித்துத் தெளிவான பாஷையில் அறிவிக்க வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதை வாபஸ் வாங்கவும் வழி வேண்டும். காரியம் முடிந்தால் விவரத்தை அழித்துவிட வேண்டும். விவரம் களவு போனால் பாதிக்கப்பட்டவருக்கே அறிவிக்க வேண்டும். போதிய காவல் வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நமக்கு மிக்க திருப்தியளிக்கும் ஷரத்து ஒன்றுண்டு: அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 பாஷைகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும். தமிழில் காட்டு என்று கேட்கத் தமிழருக்கு இனிச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்பாரில்லாவிட்டால் உரிமை ஏட்டுச் சுரைக்காயாகக் கிடக்கும்.

ஆனால் சட்டத்தைப் புகழ்ந்து மட்டும் பேச நம்மால் இயலாது. விதிக்கப்படும் அபராதம் முழுவதும் சர்க்கார் கஜானாவுக்குப் போகிறது. விவரம் களவு போன ஏழைக்கு ஒரு காசும் இல்லை. 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவில் நஷ்ட ஈடு கேட்க ஒரு வழி இருந்தது. அந்தப் பிரிவையும் நீக்கிவிடப் புதிய சட்டம் ஏற்பாடு செய்கிறது. போதாக்குறைக்கு, அற்பமான புகார் கொடுத்ததாகத் தீர்மானித்தால் புகார் கொடுத்த பிரஜைக்கே பதினாயிரம் ரூபாய் வரை அபராதம்! சர்க்கார் தனக்கு வேண்டிய இலாகாக்களைச் சட்டத்தினின்றும் விலக்கிக்கொள்ளவும் அதிகாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊரார் வீட்டுக்குப் பூட்டுப் போடச் சொல்லிவிட்டுத் தன் கையில் மறுசாவி வைத்துக்கொள்ளும் இந்த மனோபாவத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

சட்டம் இப்படி இருக்கையில், ஜனங்களுக்கு வியாபாரியின் நேர்மையே பிரதானக் காவலாக எஞ்சுகிறது. நேர்மையிருந்தும் காவல் இல்லாவிட்டால் நேருவது என்ன என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசிதாரர்களுடைய விவரங்கள் டெலிகிராமில் கேட்டவர்க்குக் கேட்டபடி கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி ஸ்தாபனம் வெளியிட்டது. 3 கோடியே 10 லட்சம் பேருடைய விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடன் பெருமையடித்தான். பெயரும் விலாசமும் மட்டுமல்ல, வைத்தியப் பரிசோதனை முடிவுகளும் வெளியாயின. கம்பெனியார் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றார்கள். தாங்கள் திருடனால் தாக்கப்பட்டவர்கள் என்றார்கள். அது உண்மையே. ஆயினும் ராய்ட்டர்ஸ் நிருபர் கண்டு பேசிய பாலிசிதாரர்கள், தங்களுக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்றார்கள். வீட்டில் திருடன் புகுந்தது விபத்து. பக்கத்து வீட்டுக்காரர் தம் நகையையும் அங்கே வைத்திருக்கையில் அவருக்குச் சொல்லாமலிருப்பது விபத்தன்று.

ஆனபடியால் திருநள்ளாற்று விடுதிக்காரரும், பரிகாரப் பூஜைக்கு ஏற்பாடு செய்பவரும், தபாலில் பிரசாதம் அனுப்புபவரும் எழுத வேண்டியது என்ன? நாற்பது பக்கம் வேண்டியதில்லை. நாமே ஒன்று எழுதிக் காட்டுகிறோம்:

‘உங்கள் பெயர், நட்சத்திரம், கைபேசி எண் ஆகியவற்றைப் பூஜைக்காகவும், பிரசாதம் சேர்ந்த செய்தியைத் தெரிவிக்கவும் மட்டும் வாங்குகிறோம். பிறந்த நேரம் கேட்பதில்லை. அது எங்களுக்குத் தேவையில்லை. கூரியர்காரருக்கு உங்கள் விலாசமும் எண்ணும் போகும். வேறு எவருக்கும் கொடுக்கமாட்டோம், விற்கமாட்டோம். பிரசாதம் சேர்ந்து தொண்ணூறு நாளில் நட்சத்திரக் குறிப்பை அழித்துவிடுவோம். வரவு செலவுக் கணக்குக்குச் சட்டம் கேட்பதை மட்டும் வைத்திருப்போம். அடுத்த பெயர்ச்சிக்கு நாங்கள் அழைக்க வேண்டுமென்று நீங்கள் எழுதிக் கேட்டாலன்றி அழைக்கமாட்டோம். அழிக்கச் சொல்ல இந்த எண்ணுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். எங்களிடமிருந்து விவரம் களவு போனால் நாங்களே உங்களுக்குச் சொல்லுவோம்.’

இதைக் கடைவாசலிலும், இணையதளத்தில் பணம் செலுத்தும் இடத்துக்கு மேலேயும் போட வேண்டும். கீழே பொடி எழுத்தில் அன்று. எழுதியபடி நடக்க முடியாதவர் எழுதாமலிருப்பது நலம். தொண்ணூறு நாளில் அழிப்பதாக எழுதிவிட்டு, பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை வேலையாளின் கைபேசியில் ஐந்து வருஷமாக வைத்திருப்பவர் எழுதாதவரைவிடப் பெரிய குற்றவாளி. முதலில் செய்ய வேண்டியது எழுதுவதுகூட அன்று. கடையில் எந்த எந்த நோட்டுப் புத்தகத்தில், எந்த எந்தக் கைபேசியில், எவருடைய விவரம் கிடக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து ஜாபிதா எடுப்பதுதான். காகித நோட்டு அப்படியே காகிதமாக இருக்கும்வரை புதிய சட்டம் அதைத் தொடுவதில்லை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கணத்தில் தொடுகிறது. இந்தச் சந்து வழியே நுழைந்துபோகலாம் என்று எண்ணுபவர்களுக்கு வாடிக்கைக்காரர் சட்ட நிபுணரல்லர் என்பது நினைவிருக்கட்டும். காகிதத்தில் களவு போனாலும் அவருக்குக் களவுதான்.

‘சின்ன வியாபாரிக்கு இந்தத் தொல்லை எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். உண்மையில் சின்ன வியாபாரிக்கு இது சுலபம். வாங்காத விவரத்தைக் காக்க வேண்டியதில்லை. எள்ளும் நல்லெண்ணெயும் வாங்குகிறவரிடம் கைபேசி எண் எதற்கு? பில் போட எண் கொடுத்தே தீர வேண்டும் என்று கடைகள் வற்புறுத்தலாகாது என்று 2023 மே மாதத்திலேயே மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா அறிவுறுத்தியது. விடுதிக்காரர் வருகிறவர் இன்னாரென்று தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமே. ஆயினும் ஆதார் நகலை வாங்கி மேஜையறையில் அடுக்க வேண்டிய அவசியம் ஒவ்வொரு முறையும் இல்லை. கடைசி நான்கு இலக்கம் மாத்திரம் தெரியும் மறைப்பு ஆதார் என்று ஒன்றிருக்கிறது. 2022 மே மாதத்தில் ஆதார் அதிகாரிகளே, கண்ட இடத்தில் நகல் கொடாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, ஜனங்கள் பீதியடைந்ததும் இரண்டே நாளில் அந்த அறிக்கையை வாபஸ் பெற்றார்கள். எச்சரிக்கை வாபஸானதேயொழிய அபாயம் வாபஸாகவில்லை.

இங்கே அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 புதுச்சேரிச் சட்டசபைத் தேர்தலின்போது, ஆதாருடன் இணைந்த கைபேசி எண்களுக்குப் பாரதிய ஜனதா கட்சியார் பிரசாரச் செய்தி அனுப்பியதாகச் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்கு வந்தது. தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்கள் அவை என்று கட்சியார் மறுத்தார்கள். விஷயம் பாரதூரமானது என்று கருதி ஆதார் ஆணையத்தின் பதிலை ஹைக்கோர்ட்டு கேட்டது. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று நாம் பேதம் பாராட்டவில்லை. எந்தக் கட்சியின் காரியாலயத்திலும் எண்களின் பட்டியல் ஒன்றிருக்கும். அது எப்படி வந்தது என்று கேட்டால் நேரான விடை கிடைக்குமா என்பது சந்தேகமே. வியாபாரியைக் கேள்வி கேட்கப் புறப்படும் தொண்டர் முதலில் தம் கட்சியின் பட்டியலை விசாரிக்கட்டும். வாக்காளரும் வாடிக்கைக்காரரும் ஒரே மனிதர். இருவருக்கும் கைபேசி ஒன்றுதான்.

நமது யோசனை இது. காரைக்கால், திருநள்ளாறு வர்த்தகர்களும் விடுதிக்காரர்களும் கூடி, மேலே நாம் எழுதிக்காட்டியது போன்ற பொது அறிவிப்பொன்றைத் தமிழில் தயாரிக்கட்டும். ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் யாத்திரிகர் வருவதால் அவர்கள் பாஷைகளிலும் பெயர்க்கட்டும். அதை ஏற்று நடப்பவர் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிடட்டும். மீறியவர் பெயரை நீக்கிவிட்டதையும் அவ்வாறே வெளியிடட்டும். கோயில் நிர்வாகத்தார், தங்கள் உண்மையான இணைய விலாசம் எது, எந்தச் சேவைக்கு எந்த விவரம் கேட்கப்படும், எது கேட்கப்படமாட்டாது என்பதைக் கோயில் வாசலிலும் பஸ் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 20ந் தேதி நடந்த சனிப்பெயர்ச்சியின்போது யாத்திரிகர்களுக்குக் குடிநீருக்கும் போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்தவர்கள், அடுத்த பெயர்ச்சி ஏற்பாடுகளில் இந்தப் பலகைகளையும் சேர்த்துக்கொள்வதில் பெரிய செலவொன்றுமில்லை. சட்டத்தின் தவணை 2027 மே மாதம் முடிகிறது. பலகை எழுத ஒரு வாரம் போதும்.